இத்தாலி இல்லை, குத்துக்கல்வலசை

பேராச்சி முதன்முதலாக ஒரு கம்பளித் தொப்பியைக் கையில் வாங்கியபோது அதில் தையலைத் தேடினாள். தென்காசியில் அவள் வேலை பார்த்த தையல்கடைக்கு, எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அதைக் கொண்டுவந்திருந்தார். உள்பட்டை பிய்ந்துபோயிருந்தது. வேறு பட்டை வைத்துத் தர வேண்டும். பேராச்சி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள். எந்தத் துணியைக் கண்டாலும் எங்கே வெட்டியிருக்கிறார்கள், எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று அவள் கண் தானாகப் போகும். தொப்பியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். வெட்டு இல்லை, சேர்ப்பும் இல்லை. ஒரே துண்டு, மேலே குடம்போல வளைந்து கீழே இலைபோல விரிந்திருந்தது.

கடையில் நாலு பேர் இருந்தால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். அன்றைக்குத் திறந்தாள்.

"சார், இத எங்கன தைச்சிருக்கு?"

"தைக்கவே இல்லம்மா" என்று அவர் சிரித்தார். "கம்பளிய சுடுதண்ணியும் சோப்பும் போட்டுத் தேய்தேய்னு தேய்ச்சா அது ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிடும். பெறவு தட்டி வளைக்க வேண்டியதுதான்."

பட்டை வைத்துக் கொடுத்தாகிவிட்டது. தொப்பியும் போய்விட்டது. பேராச்சிக்கு மட்டும் அது போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தொப்பி செய்கிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தாள். என்னென்னவோ மொழியில் பேசினார்கள். அவள் சத்தத்தை அணைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தாள். விரலை எப்போது அழுத்துகிறார்கள், எப்போது சும்மா தடவுகிறார்கள், எந்த இடத்தில் துணியை உதறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குத்துக்கல்வலசையில் அவள் வீட்டுக்குப் பின்னால், பிளாட் போட்டுக் கல் நட்டிருந்த வயலில் அந்தச் சமயம் செம்மறிக்கிடை கிடந்தது. ஒரு சாக்கு நிறைய முடி கேட்டு வாங்கிவந்து சோப்புத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தாள். கை தோல் உரிந்ததுதான் மிச்சம். முடி முடியாகவே கிடந்தது. கிடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நம்ம ஆட்டுக்கு இருக்கது முடி. கம்பளி ஆடு குளிரு ஊர்லல்லா கெடக்கு. இத நீ எம்புட்டுத் தேய்ச்சாலும் பின்னாது. இந்த ஆடு கறிக்குத்தான் ஆகும்" என்றார். பிறகு வடக்கேயிருந்து பார்சலில் கம்பளி வரவழைத்தாள்.

கம்பளியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, சுடுதண்ணீர் தெளித்து, சோப்புச் சீவலைப் போட்டுத் தேய்த்து, கோரைப்பாயில் சுருட்டி உருட்ட வேண்டும். உருட்ட உருட்டச் சுருங்கித் தடிக்கும். இதெல்லாம் வந்துவிட்டது. வளைத்து மாட்டத்தான் ஒரு தலை இல்லை. செங்கோட்டையில் சாமி வாகனங்கள் செய்கிற ஒரு ஆசாரியிடம் போனாள்.

"மரத்துல ஒரு தலை வேணும்."

"யாரு தலை?"

"யாரு தலையும் இல்ல. பொதுவா ஒரு தலை."

"பொதுவான்னா? அம்மனா, பூதமா?"

ஒரு வாரம் கழித்துப் போனால், காது மூக்கோடு அருமையான ஒரு தலை இருந்தது. அதில் கம்பளியை மாட்டினால் காதில் சிக்கும். முகத்தை இழைத்து எடுத்துவிடச் சொன்னாள். ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். செய்த முகத்தை அழிப்பது அவர் தொழிலில் வழக்கமில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கண்ணு தொறக்கல. அதனால இது மரந்தான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இழைப்புளியை எடுத்தார்.

முதல் ஈடு தொப்பிகளை விறைப்பாக்க அவள் சோற்றுக்கஞ்சி போட்டாள். அவள் வாழ்க்கைப்பட்டது போலீஸ்காரக் குடும்பம். மாமனார் ஏட்டாக இருந்தவர். கொழுந்தன்மார் இரண்டு பேரும் காக்கி. வந்த நாளிலிருந்து காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்ட கை அது. தொப்பி தகரம்போல நின்றது. குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில் பை, குடை, தொப்பி விற்கும் காந்திமதிநாதன் அண்ணாச்சியின் கடையில் வைத்தாள். விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வது என்று பேச்சு.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. தொப்பிகள் தொய்ந்து, பழைய சோற்றுப்பானை வாடை அடித்தன. அருவிக்கரையில் ஒரு குரங்கு, ஒருவர் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பாறைமேல் உட்கார்ந்து நக்கித் தின்றது. குரங்கு, தொப்பி என்றதும் ஊருக்கு என்ன கேலி வருமோ அது வந்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் சுந்தரபாண்டியன்கூட, "அடுத்த ஈட்டுக்குக் கொஞ்சம் ஊறுகாயும் வச்சி விடு" என்றான்.

பேராச்சி மறுபடியும் செங்கோட்டைக்குப் போனாள். மழையில் போகிற சாமி வாகனத்துக்கு ஆசாரி எதைப் பூசுகிறார் என்று பார்த்தாள். ஸ்பிரிட்டில் கரைத்த கொம்பரக்கு, மரத்துக்கு மெருகேற்றுகிற பிசின். அதை நீர்க்கக் கரைத்து, துணியில் தொட்டு, தொப்பியின் உள்பக்கமாக ஏற்றினாள். அதிகமானால் ஓடுபோல வெடிக்கும், குறைந்தால் தொங்கும். அளவு கைக்கு வருவதற்குள் அந்த வருடச் சீசன் முடிந்துவிட்டது.

அடுத்த சீசனுக்கு அவள் தொப்பிகள் சாரலில் அசையாமல் நின்றன. தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு விழுந்தது. ஒவ்வொன்றின் உள்பட்டையிலும் ஒரு சிறிய துணிப் பட்டியில் ‘பேராச்சி, குத்துக்கல்வலசை, தென்காசி’ என்று நூலால் எழுதித் தைத்தாள். அதைத் தைக்கும்போது மட்டும் வீட்டில் யாரையும் பக்கத்தில் வரவிடமாட்டாள். கூச்சம்.

சீசன் களைகட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுத் தொப்பிகளோடு அண்ணாச்சி கடைக்குப் போனாள். உள்ளே ஒரு வெளியூர்க்காரர் அவளுடைய தொப்பியைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரிஜினல் இத்தாலி சார்" என்றார் அண்ணாச்சி. "இந்த மாதிரி செய்ய இங்கன எவன் இருக்கான்?"

தொப்பியின் உள்ளே பேராச்சியின் பட்டி இல்லை. அந்த இடத்தில் ‘மேட் இன் இட்டாலி’ என்று தங்க நிறத்தில் ஒட்டியிருந்தது. வந்தவர் வாங்கிக்கொண்டு போகிறவரை அவள் ஓரமாக நின்றாள்.

"அண்ணாச்சி, எம் பட்டி எங்க?"

"எந்தப் பட்டி? ஓ, அதுவா. பிளேடு வச்சி எடுத்தாச்சி."

"ஏன்?"

"ஏம்மா, நீயே சொல்லு. குத்துக்கல்வலசைன்னு எழுதியிருந்தா, பிளாட் விக்கவன் ஓசில குடுத்த தொப்பின்னுல்லா நெனைப்பான்?"

"செஞ்சது அங்கனதான."

"நீ செய்யலன்னு நான் சொன்னனா? விக்குதுல்லா? பெறவென்ன? பேரு போட்டு ஊருக்குத் தண்டோரா போடணுமாக்கும்?"

கடையில் வேலை பார்த்த பெண்கள் சிரித்தார்கள். பேராச்சிக்குக் காது சுட்டது. வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவள் தலையைக் குனியத்தான் செய்தாள். ஆனால் குனிந்தபடியே அலமாரிக்குப் போய், தன் தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே ஒட்டியிருந்ததைக் கிழித்து மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைப் பைக்குள் போட்டாள்.

"எம்மா, என்ன பண்ணுத? சீசன் நேரத்துல வெளையாடாத."

"வெளையாடல அண்ணாச்சி. நீங்க இத்தாலிக்காரன்ட்டயே வாங்கிக்கிடுங்க."

சொல்லிவிட்டுப் பையோடு வெளியே வந்தாள்.

பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பார்த்தாள். எல்லோருக்கும் தொப்பி வேண்டும், பட்டி வேண்டாம். "வெறுமன தா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்கள். தரமாட்டேன் என்றாள். ஐந்தருவிப் பாதையில் மங்குஸ்தான் விற்கும் அனுசியா அவளோடு படித்தவள். ஊரே கேட்கிற குரல்.

"கடை இல்லன்னா என்னட்டி? ஒனக்குத் தலை இல்லியா? ஒண்ணை எடுத்து மாட்டு. எம் பக்கத்துல நில்லு. பாக்கவன் வாங்குவான்."

"நானா? தொப்பி போட்டுக்கிட்டா? ரோட்டுலயா?"

"பின்ன, எந்தலையிலயா? நான் கூடை தூக்கணும்லா."

அன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் ஒரு தொப்பியை மாட்டிப் பார்த்தாள். அது முன்னால் சாய்ந்து மூக்கில் வந்து நின்றது. பின்னால் கொண்டை இடித்தது. இத்தனை நாளும் அவள் ஆம்பிளைத் தலைக்குத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். ஆசாரி செய்த தலைக்கும் கொண்டை கிடையாது. தன்னையே அவள் அளவெடுத்ததில்லை.

"கொண்டைய அவுத்துப் பின்னலாப் போட்டுக்கோயேன்" என்றாள் அனுசியா, போனில்.

"நான் ஏன் அவுக்கணும்? தொப்பி ஒதுங்கட்டும்."

கத்தரியை எடுத்து, பின்பக்க விளிம்பைப் பிறைபோல உள்வாங்கி வெட்டினாள். தேய்த்துப் பின்னிய கம்பளி நூல் பிரியாது. மடித்துத் தைக்க வேண்டியதில்லை. குடத்தின் பின்பக்கத்திலும் கொண்டை வெளியே வர ஒரு வாய் திறந்து, ஓரத்துக்குப் பட்டை கொடுத்தாள். இப்போது கொண்டை அதன் இடத்தில் இருந்தது, சுற்றிப் பிச்சிப்பூவும் வைக்கலாம். தொப்பி நெற்றிக்கு மேலே நேராக உட்கார்ந்தது.

சுந்தரபாண்டியன் தொப்பியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "விக்கதுன்னா வித்துக்கோ. அடுத்த ஞாயித்துக்கிழமை சிவகிரி அக்கா குடும்பத்தோட குளிக்க வாரா. அன்னைக்கு மட்டும் இதோட நிக்காத" என்றான்.

முதல் நாள் அவள் தரையைப் பார்த்தபடியே நின்றாள். சேலையும் தொப்பியுமாக நிற்கிறவளைப் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனில் படம் எடுத்தார்கள்.

"யக்கா, குதிரை எங்க நிக்கி?" என்று ஈரத் துண்டோடு போன ஒரு கல்லூரிக் கூட்டம் கத்தியது.

அனுசியாதான் கத்தினாள்: "இப்பத்தாம்லே அஞ்சாறு கழுதை போவுது. குதிரை பின்னால வரும்!"

ஒரு தொப்பியும் விற்கவில்லை. வீட்டுக்குப் போய் அழவேண்டும்போல இருந்தது. ஆனால் நாள் முழுக்கச் சாரலில் நின்றும் தொப்பி தொங்கவில்லை என்பதையும் கவனித்திருந்தாள். மறுநாளும் போனாள். தரையைப் பார்ப்பதற்குப் பதிலாக எதிரே வருகிற பெண்களின் தலையைப் பார்த்தாள். யாருக்கு நெற்றி அகலம், யார் கொண்டையை இறக்கிப் போடுகிறார்கள், யார் நனைந்த தலையில் சேலைத்தலைப்பைப் போட்டுக்கொண்டு முழிக்கிறார்கள் என்று பார்த்தாள். பார்க்கிற வேலை வந்ததும், தன்னைப் பார்க்கிறார்கள் என்பது பாதி மறந்துபோனது. அன்று ஒரு டீச்சர் வாங்கினாள்.

வாரக் கடைசியில் காந்திமதிநாதன் அண்ணாச்சியே ஆள் அனுப்பினார். இத்தாலி வேண்டாம், ஒன்றும் ஒட்டாமல் சும்மா வைத்து விற்கலாமாம். "பட்டியோட வச்சா வாரேன்னு சொல்லு" என்று பேராச்சி சொல்லியனுப்பினாள். போன ஆள் திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியற்காலையிலேயே எழுந்து, சிவகிரிக்காரர்களுக்குச் சோறும் புளிக்குழம்பும் கூட்டும் ஆக்கி வைத்தாள். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சுந்தரபாண்டியன் வாசலில் நின்றான்.

"சொன்னேம்லா?"

"சொன்னீங்க."

"கேக்க மாட்டியா?"

"ஞாயித்துக்கிழமதான் கூட்டம் வருது" என்றாள், பையைத் தூக்கிக்கொண்டு.

மதியத்துக்கு முன்னால் வேன் வந்துவிட்டது. சுந்தரபாண்டியனின் அக்காள் முப்பிடாதியம்மாள் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டாள். வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பின்னாலேயே பிள்ளைகளும் மருமக்களும் இறங்கினார்கள்.

"ஏட்டி, என்னட்டி இது வேசம்?"

"வேசம் இல்ல மதினி. விக்கேன்."

"நம்ம வீட்டுல தொப்பி போட்டவன் எல்லாம் சர்க்கார் தொப்பி போட்டவன். எங்கப்பா தொப்பியக் கண்டா இந்தத் தென்காசியே எந்திரிச்சி நிக்கும். அந்த வீட்டு மருமவ ரோட்டுல கோமாளி கெணக்கா நிக்கா. கழட்டு மொதல்ல."

அனுசியா வாயெடுத்தாள். பேராச்சி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். பாதையில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். யாரோ போனைத் தூக்கினார்கள்.

"மாமா தொப்பி சர்க்கார் குடுத்தது மதினி. இது யாரும் குடுத்ததில்ல. நான் செஞ்சது."

"கழட்டுங்கேன்."

"கழட்டமாட்டேன்."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அருவிச் சத்தத்தையும் தாண்டி அது எல்லோருக்கும் கேட்டது. முப்பிடாதியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒன் வீட்டுல இனிமே கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். வேன் போய்விட்டது. ஆக்கி வைத்த சோறு வீட்டில் கிடக்கும். சாயங்காலம் சுந்தரபாண்டியன் முகத்தை எப்படி வைத்துக்கொண்டு வருவான் என்பது அவளுக்குத் தெரியும். பேராச்சி கண்ணைத் துடைக்கவில்லை. சாரலில் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

நின்றிருந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். குளித்து முடித்த ஈரத்தலையைத் துண்டால் கட்டியிருந்தாள். தொப்பிகளைப் பார்க்கவில்லை, பேராச்சியையே பார்த்தாள்.

"யக்கா, கழட்டமாட்டேன்னு சொன்னீங்கள்லா. அதே மாதிரி எனக்கு ஒண்ணு குடுங்க."

பேராச்சி இடுப்பிலிருந்த அளவு டேப்பை உருவினாள்.

"துண்ட அவுங்க. கொண்டைய எங்கன போடுவீங்க, மேலயா கீழயா?"