நேர்காணலுக்கு நான் சொன்ன புத்தி

எழுபதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். டெல்லியிலிருந்து கொடுக்கும் பெரிய ஸ்காலர்ஷிப்புகளுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. நானே ஒரு காலத்தில் அந்த நேர்காணலுக்குப் போய்த் தோற்றவன். அனுபவசாலி என்று முதல்வர் நினைத்துவிட்டார்.

அந்த வருஷம் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் நேர்காணல் கடிதம் வந்தது. தறி நெய்கிற குடும்பம், வீட்டில் தெலுங்கு. அவளுடைய அப்பா என்னைப் பார்க்க வந்தார்.

"கெடச்சா மேல படிக்கட்டும் சார். கெடைக்கலேன்னா கல்யாணத்த முடிச்சிருவோம். மாப்பிள்ள வீட்ல காத்துக்கிட்டு இருக்காக."

நானாயிற்று என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாள் பயிற்சி கொடுத்தேன். விண்ணப்பக் கட்டுரையில் ஊரின் வறட்சியைப் பற்றி நான் எழுதச் சொல்லியிருந்ததையே வாயாலும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன்.

"எங்களுக்குக் காடு கழனியே கெடயாது சார். தறிதான்."

"இருக்கட்டும். திருச்சுழிப் பக்கத்துக் காட்டைச் சொல்லு. இந்தப் பக்கத்திலிருந்து போய் வறட்சியைச் சொல்லலேன்னா நம்பமாட்டாங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார வேண்டும், கேட்டதற்கு மேல் பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது. இந்தக் கடைசிப் புத்தியைத் தினமும் சொன்னேன். நான் அந்த நாளில் எதிர்த்துப் பேசித்தான் தோற்றேன் என்பது என் கட்சி. எனக்குப் பதில் தெரியாமலும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

நேர்காணல் நடந்த சென்னைக்கு அப்பாவோடு போய் வந்தாள். இரண்டு மாதம் கழித்து, கிடைக்கவில்லை என்று நாலு வரிக் கடிதம் வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டெல்லிக்காரர்களுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் என்றாலே இளப்பம் என்று ஆசிரியர் அறையில் ஒரு வாரம் பேசினேன். அதற்குள் அவளுக்குத் தேதி குறித்துவிட்டார்கள்.

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவளை மடக்கி, அங்கே என்னதான் கேட்டார்கள் என்றேன்.

"மேல எறிஞ்ச கல்லு உச்சியில ஒரு கணம் நிக்கிதுல்ல சார். அப்ப அதும்மேல எந்த விசையும் இல்ல, சரிதானன்னு நடுவுல இருந்தவுக கேட்டாக. நான் ஆமான்னு சொன்னேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "கல் நின்னாலும் பூமி இழுக்கிறது நிக்குமா? ஆழம் பாக்க வேணும்னே தப்பாச் சொல்லியிருக்கார். உனக்குத் தெரியலையா?"

"தெரியும் சார். எதுத்துப் பேசக் கூடாதுன்னீக."

அவள் கோபமாக இல்லை. என்னைத் தேற்றுவதுபோலத் தணிந்த குரலில் சொன்னாள்:

"நீங்களும் கிளாஸ்ல ஏதோ அவசரத்துல அப்படித்தான சார் போர்டுல எழுதிப் போட்டீக. தப்புன்னு அன்னிக்கே தெரியும். பரீட்சையிலயும் நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன். முழு மார்க்கு போட்டீக."

கல்யாணப் பத்திரிகையை மேஜைமேல் வைத்துவிட்டு, வாரேன் சார் என்று போனாள். அந்தக் கல்யாணத்துக்குப் போக எனக்கு முகம் இல்லை.