எழுதியிருந்த காலண்டர்

என் வீட்டுக்காரர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். 2007 பிறந்த அன்று பரணிலிருந்து 2001-ஆம் வருடத்து மாதக் காலண்டரை இறக்கி, தூசி தட்டி, ஆணியில் மாட்டினார்.

"தேதி, கெழமை எல்லாம் அப்படியே ஒத்து வருது. சும்மா கெடக்கறத எதுக்கு வீணாக்கோணும்?"

அமாவாசை ஒத்து வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாணமாகி மூன்றே மாதம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

நான் அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் மாசமாக இருக்கும்போதே இறந்துவிட்டாள் என்பது மட்டும்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. காலண்டரைப் புரட்டினேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மாதத்துக்கு ஒரு பென்சில் புள்ளி. வீட்டுக்குத் தூரமான நாளைக் குறிப்பது அது, எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மே மாதத்தில் புள்ளி இல்லை. அங்கிருந்து அவர் கையெழுத்தில், நீல மையில், வாரத்துக்கு நாலைந்து இடங்களில் '1½' என்று இருந்தது. அவளுக்கு ஒன்றரை ஷிப்ட். காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருக்க முடியும். செப்டம்பர் வரை அப்படியே. அக்டோபரிலிருந்து தாளில் ஒன்றுமே இல்லை.

அவர் சூப்பர்வைசராக இருந்த வேலம்பாளையம் பனியன் கம்பெனியில்தான் நானும் டெய்லர். அவள் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே என் புள்ளிகளையும் வைத்து வந்தேன். மே மாதம் எனக்கும் நின்றது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அக்டோபர் தாளைப் புரட்டிப் பார்த்தேன்.

ஜூன் தொடக்கத்தில் அவரிடம் சொன்னேன். "ஏனுங்க, நாள் தள்ளிப் போயிருக்குதுங்க. ஒரு ஷிப்டே போதுமுங்க."

முகமெல்லாம் பூத்து, ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஊட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"இப்ப ஷிப்மெண்ட் நேரம் கண்ணு. கம்பெனியில மூச்சு உடாத. தீவாளி வரைக்கும் ஒன்றரை பாத்துரு, அப்பறம் ஊட்டுலயே இருந்துக்க."

பேனாவோடு காலண்டரிடம் போனார். ஜூன் மாதத் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"எழுதவே வேண்டியதில்ல போ. எல்லாம் இதுலயே இருக்குது."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

மறுநாள் அவர் கிளம்பியதும் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு காங்கேயத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். அம்மா வீட்டுச் சுவரில் அதையே மாட்டினேன். அக்டோபர் வந்ததும் அந்த வெறும் தாளில் தினமும் ஒரு புள்ளி வைத்தேன், நான் இருக்கிறேன் என்று.