சுவருக்கு ஒரு வாசகம்

ஈரச் சுண்ணாம்பின் வாசனை மூக்கிலேறியதுமே கோபம் வந்துவிட்டது. எங்கள் அபார்ட்மெண்ட் மதிலில், இங்கே குடியிருப்பவர்களின் கார் டிரைவர்கள் சிறுநீர் கழிக்கிறார்களாம். வெள்ளையடித்த கையோடு, அதைத் தடுக்க என்னிடம் ஒரு வாசகம் கேட்கிறார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

தொண்ணூறுகளில், நான் வளர்ந்த மர்பி டவுனில், தெருவைப் பார்த்த எங்கள் சமையலறைச் சுவரிலும் இதே தொல்லை. அப்பா சுண்ணாம்படித்து, 'நோய் பரவும்' என்று கரியால் எழுதினார். பயனில்லை. "குழந்தைங்க சாப்பிடுற இடம்னு எழுதுங்க, மனசு இளகும்" என்றாள் அம்மா. அதுவும் நனைந்தது. அத்தை சொல்லி, 'உன் வீட்டுச் சுவரில் செய்வாயா?' என்பதும் ஏறியது.

ஒருநாள் ஆட்டோக்காரர் ஒருவரைப் பிடித்து, "படிக்கத் தெரியாதா?" என்று கத்தினாள் அம்மா.

"மூணையும் படிச்சேன்க்கா. எல்லாம் நியாயம்தான். எங்க போறது, அத சொல்லு."



"வாசகமெல்லாம் வேணாம் சார்" என்று இப்போது செயலாளரிடம் கத்தினேன். "கீழ பூட்டி வெச்சிருக்கீங்களே கக்கூசு, அத திறந்து விடுங்க!"