சொல்லழகருக்குக் கிடைத்த மாடி அறை

பாட்டில் மூடித் தொழிற்சாலையில் அவரைச் சொல்லழகர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு அவருக்குக் கற்று வந்ததல்ல, கூடப் பிறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார். எதற்கு வந்தோம் என்பது வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவருக்கு நினைவு வரும்.

தொழிற்சாலையில் பெண்கள் கழிவறைக் குழாய் காய்ந்து கிடந்தது. கதவும் ஒற்றைக் கீலில் தொங்கியது. மூடிகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் வேலை பார்த்த அவருடைய சொந்த அண்ணி அவரிடம் வந்தாள்.

“தம்பி, எங்களுக்கு நாலு வார்த்தைக்கு மேல வராது. நீங்க போய் மேனேஜர்கிட்ட பேசுங்க.”

போனார். தண்ணீரில் தொடங்கினார். தண்ணீரிலிருந்து மழைக்கும், மழையிலிருந்து வானத்துக்கும், வானத்திலிருந்து மேனேஜரின் பரந்த உள்ளத்துக்கும் ஏறினார். அங்கிருந்து கழிவறைக்கு இறங்கி வர வழி தெரியவில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இத்தனை நாளா உங்கள மெஷின் பக்கத்துல நிறுத்தி வீணாக்கிட்டோமே.”

மறுவாரமே சொல்லழகர் மக்கள் தொடர்பு அதிகாரி ஆனார். மாடியில் தனி அறை. அறையை ஒட்டியே கழிவறை. குழாயைத் தொட்டாலே தண்ணீர் கொட்டியது.

முதல் வேலையாக, கீழே முணுமுணுக்கும் பெண்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதச் சொன்னார்கள். ‘அன்புச் சகோதரிகளே, பொறுமை நீரினும் தூயது’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினார். எழுதியதை அவரே இரண்டு முறை வாசித்து ரசித்தார். பெண்கள் கழிவறைக் கதவில் ஒட்டப் போனபோது கதவு கையோடு வந்துவிட்டதால் சுவரில் ஒட்டினார்கள்.

அண்ணி மாடிக்கு வந்தாள்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. படிச்சுக்கிட்டே அடக்கிக்கலாம்னு பார்த்தேன். முடியல.”

சொல்லிவிட்டு அவருடைய கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவள் பின்னால் வரிசை நின்றது. வரிசையின் வால் மாடிப்படி வரை நீண்டது. சொல்லழகர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“பேசுங்க அண்ணே, எங்க முறை வர்ற வரைக்கும் பொழுது போகும்” என்றாள் ஒருத்தி.

பேச எழுந்தவர், வாழ்க்கையில் முதல்முறையாகத் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளும் வரிசை வந்தது. அன்றைக்கென்று பார்த்து மூடி வாங்கும் கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். வரிசைக்குள் நுழைந்துதான் மேனேஜர் அறைக்குப் போக வேண்டியிருந்தது. சாயங்காலமே குழாய்க்காரர் வந்தார், தச்சரும் வந்தார்.

திறப்பு விழாவில் சொல்லழகர்தான் பேசினார். கேளாமலே கொடுக்கும் நிர்வாகம் என்று அவர் சொன்ன இடத்தில் மேனேஜர் கைதட்டினார். அண்ணி நடுவிலேயே எழுந்து புதுக் குழாயில் முகம் கழுவப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: “ஒருவழியா என் பேச்சால தண்ணி வந்துடுச்சு.”

“உங்க அண்ணி எல்லாரையும் கூட்டிட்டு மேல வந்து நின்னாங்களாமே?”

“ஆமா, என் அறிவிப்பப் படிச்சிட்டுத்தானே வந்தாங்க” என்றார் சொல்லழகர்.