வள்ளிக்கிழங்கு இலையில் விழுந்த முகம்

1. பேப்பர் கூடாது

மலாயாவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் நான் கோலா பிலாவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டார்க்ரூம் ஆளாக இருந்தேன். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் ஐ.சி. என்ற அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதும், போலீஸ் கொண்டுவரும் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடுவதும்தான் எங்களுக்குப் பெரும்பாலான வேலை.

ஒரு புதன்கிழமை பிற்பகல் அஞ்சலை என்ற, ரப்பர் பால்மரம் வெட்டும் அம்மா கடைக்கு வந்தார். மரம் வெட்டப் போன அவருடைய மகன் வீரையா காணாமல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. பால் வாளி மர நிரையிலேயே கிடந்ததாம். காட்டுக்காரர்களோடு சேர்ந்துவிட்டான் என்று போலீஸ் முடிவுகட்டி, வீட்டில் இருந்த ஒரே படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யும்படி மேனேஜரும் சொல்லிவிட்டார்.

"ஐ.சி.க்கு அவன படம் புடிச்சது நீங்கதான சார்? ஒன்னு போட்டுக் குடுங்க. அவன் மொகமே மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு."

முதலாளி அந்தோணி பதறிவிட்டார். "முடியாதும்மா. சனிக்கெழம போலீஸ் மாத்தா ஜீப்புல வந்து அந்த நெகட்டிவ எடுத்துக்கிட்டுப் போறாங்க. ஒரு பேப்பர் வெளிய போனா எங்கள உள்ள புடிச்சுப் போட்டுருவாங்க."

அந்த அம்மா அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. முதலாளி சாப்பிடப் போனதும் நான் மெல்லச் சொன்னேன். "பேப்பர்லதாம்மா கூடாது. வெள்ளிக்கெழம மூனு மணிக்குப் பின்வாசல் வழியா வாங்க."

2. இலையில் பிரிண்ட்

ஸ்டூடியோவுக்கு வருமுன் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்தேன். அங்கே மருந்து கட்டும் டிரெஸ்ஸர் ஒருமுறை வேடிக்கையாகச் செய்துகாட்டிய வித்தை இது.

கொல்லையில் வள்ளிக்கிழங்குக் கொடி படர்ந்திருந்தது. அன்று மாலையே இரண்டு இலைகளைக் கொடியிலிருந்து பறிக்காமல் கறுப்புத் தாளால் மூடினேன். வெளிச்சம் இல்லாவிட்டால் இலையில் இருக்கும் மாவுச்சத்து தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றின் தாளை நீக்கி அதன்மேலும், நண்பகலுக்குப் பின் மற்றதன் தாளை நீக்கி அதன்மேலும் நெகட்டிவை வைத்துக் கிளிப் போட்டேன். நெகட்டிவில் வெயில் ஊடுருவும் இடத்தில் மட்டும் இலைக்குள் மாவு ஊறும். பிறகு இலையைப் பறித்துக் கொதிநீரில் முக்கி, சூடான ஸ்பிரிட்டில் போட்டால் பச்சை முழுவதும் கழன்றுவிடும். மிஞ்சுவது வெளிறிய இலை. அதில் எதுவும் தெரியாது. அயோடினில் போட்டால்தான் மாவு உள்ள இடம் கறுக்கும், படம் எழும்.

சரியாக மூன்று மணிக்கு அஞ்சலை வந்தார். வெளியே நல்ல வெயில். ஆனால் கடைத்தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, காலையில் எங்கோ லாரியைச் சுட்டுவிட்டார்கள் என்ற பேச்சு. காலையில் வைத்த இலையைப் பீங்கான் தட்டில் போட்டு அயோடின் ஊற்றினேன்.

முதலில் முடி கறுத்தது. பிறகு மூக்கின் நிழல், உதடு, சட்டைக் காலர். வீரையாவேதான். ஆனால் கண்கள் மூடியிருந்தன.

நான் தட்டை விட்டுப் பின்னால் நகர்ந்தேன். நெகட்டிவில் அவன் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அஞ்சலை வெகுநேரம் குனிந்து பார்த்தார். "தூங்குறான்," என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

இலையை வாழையிலையில் மடித்து எடுத்துக்கொண்டார். எஸ்டேட் கேட்டில் காவலாளி பிரித்துப் பார்த்தபோது, "புண்ணுக்குப் போடுற மருந்து எல," என்றாராம். அயோடின் வாடைக்கு அவனும் நம்பிவிட்டான்.

அவர் போனதும் இரண்டாவது இலையைக் கழுவினேன். அதே நெகட்டிவ், அதே தட்டு, அதே அயோடின். அதில் வீரையா கண்களைத் திறந்துகொண்டிருந்தான். யார் கண்ணிலும் படுமுன் அதை அடுப்பில் போட்டேன்.

3. போலீஸ் பிலிம்

அடுத்த வாரம் சார்ஜன்ட் ஒரு பிலிமோடு வந்தார். தமிழர்தான். ரெம்பாவ் பக்கம் பெலுக்காரில், புதருக்குள், ஒரு பிணம் கிடைத்ததாம். "செத்து ஒரு நாள்தான் ஆவுது. ஆளு யாருன்னு தெரியல. மூஞ்சி மட்டும் பெருசா போடு, மத்தது வேணாம்."

டெவலப்பரில் அந்த முகம் எழும்பியதும் குனிந்து பார்த்தேன். கன்னம் வீங்கி, தாடி வளர்ந்திருந்தது. யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது. ஆனால் மூடிய அந்தக் கண்களை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். இமை, அதன் கீழ் நிழல், எல்லாமே அதேபோல. இலையில் படம் எழுந்த அன்று அவன் இன்னும் உயிரோடு இருந்திருக்கிறான். இதை யோசித்தபோது சிவப்பு பல்பின் கீழே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

திரும்பிப் போய் முழு நெகட்டிவையும் பிரிண்ட் போட்டேன். படத்தின் ஓரத்தில், ஒருக்களித்துக் கிடந்த உடலின் முதுகுக்குப் பின்னால், இரண்டு மணிக்கட்டும் சைக்கிள் டியூப்பால் கட்டப்பட்டிருந்தன. போலீஸ் என்றால் விலங்கு மாட்டியிருக்கும். காட்டுக்காரர்கள்தான் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றிருக்கிறார்கள். அவன் சேர்ந்து போனவன் இல்லை.

"பேசாம இருடா. நமக்கு எதுக்கு வம்பு?" என்று முதலாளி என் கையைப் பிடித்தார்.

ஆனால் அந்த அம்மா வீட்டைக் காலி செய்ய நான்கு நாள்தான் இருந்தது. சார்ஜன்ட் வந்ததும் முழுப் பிரிண்டை மேசையில் வைத்தேன்.

"ஒன்ன யாரு முழுசா போடச் சொன்னா?"

"சார், இவனுக்கு ஐ.சி. படம் புடிச்சது நாங்கதான். இது வீரையா. கையப் பாருங்க சார்."

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் பிரிண்டை உறைக்குள் போட்டுக்கொண்டு போனார். இரண்டு நாளில் பிணத்தைத் தாயிடம் கொடுத்தார்கள். லயத்து வீட்டைப் பற்றி மேனேஜர் அதற்குப் பிறகு பேசவில்லை.

காரியம் முடிந்து அஞ்சலை ஒருமுறை வந்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த ஐ.சி. நெகட்டிவிலிருந்து கண்திறந்த படம் ஒன்றைப் போட்டு, இப்போது தரலாம் என்று முதலாளியே நீட்டினார். அவர் அதை வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"அவன் இனி வரமாட்டான்னு அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். ஒங்க மொகத்தப் பாத்தேன், நீங்க பயந்துட்டீங்க. அதான் தூங்குறான்னு சொன்னேன்."

அந்த இலையைப் பற்றி எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அயோடின் ஊறியிருக்கும், இலை சுருங்கியிருக்கும் என்பார்கள். இருக்கலாம். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். முகம் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும், படத்தை வெட்டுவதற்கு முன் முழு நெகட்டிவையும் ஒரு பிரிண்ட் போட்டு ஓரங்களைப் பாருங்கள். அங்கே ஒருவனுடைய கைகள் இருக்கக்கூடும்.