மாலைக்கு ஏறிய டோஸ்

“இன்னையிலருந்து எக்ஸ்ரே ரூமுக்குள்ள நீங்க போகக் கூடாது” என்றார் டாக்டர்.

கோவில்பட்டியில் அவருடைய ஸ்கேன் சென்டரில் நோயாளிகளை எக்ஸ்ரே மேஜையில் படுக்க வைப்பது என் வேலை. சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். நம்மேல் படும் கதிரின் அளவை, அதாவது டோஸை, அது பிடித்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்குப் போகும். இந்தத் தடவை என்னுடையது எக்கச்சக்கமாகக் காட்டிவிட்டது. காரணம் தெரியும்வரை வாசலில் டோக்கன் கொடுக்கச் சொன்னார். தெரியாவிட்டால் அந்த அறை வேலை எனக்கு இல்லை.

வாட்ச்மேன் சுடலை விடவில்லை. “ஏலே, கரன்ட் போனா வெளிச்சத்துக்கு உன்னைய நடுவுல நிறுத்திக்கிடலாம்லா?”

வீட்டுக்காரி, “அங்கனயே இருங்க, சோத்துத் தட்டைத் தள்ளி விடுதேன்” என்றாள். பிறகு அவளே சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

விசாரிக்க மதுரையிலிருந்து கதிர் பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஒரு அம்மா.

“அண்ணாச்சி, பேட்ஜுல சந்தனம் ஒட்டியிருந்துச்சாமே, எப்படி?”

நான் டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுக்கும் செல்விதான், “மேடம், ஆயுத பூஜைக்கு...” என்று ஆரம்பித்து, சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தொழில் சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னவர் டாக்டர். என் பேட்ஜுக்கும் பொட்டு வைத்து, எக்ஸ்ரே குழாய்க்குப் போட்ட மாலையில் சொருகினார். மாலை வாடும்வரை எடுக்கக் கூடாது என்றதும் அவர்தான். விடுமுறை முடிந்து வந்த கூட்டத்துக்கெல்லாம் அந்தக் குழாய் எக்ஸ்ரே எடுத்துத் தள்ளியது. பேட்ஜ் அதன் வாய்க்குப் பக்கத்திலேயே தொங்கியது.

அதிகாரியம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அப்போ என் உடம்புல எவ்வளவு ஏறியிருக்கு மேடம்?”

“எங்களுக்கே அது தலைவலிதான் அண்ணாச்சி. காத்துல உள்ளதுக்கு ஒரு அளவு, ஈரலுக்கு ஒண்ணு, எலும்புக்கு ஒண்ணு. ஈரலுக்குள்ள மீட்டர் வைக்க முடியுமா? அதனால நெஞ்சுல குத்துன பேட்ஜை வச்சு உள்ள என்ன ஆகியிருக்கும்னு கணக்குப் போடுறோம். ஆள்மேல இருந்தாத்தான் அந்த நம்பருக்கு அர்த்தம்.”

டாக்டர் தலையைச் சொறிந்தார். “அப்போ இது யாரோட டோஸு?”

“மாலையோட டோஸு, டாக்டர்.”

சுடலை வாசலிலிருந்தே கைதட்டினான். நான் நிற்கும் இடத்தில் மீட்டர் வைத்து, பழைய பேட்ஜ் கணக்குகளோடு ஒப்பிட்டு, என் பங்கு வழக்கம்போல் சொற்பம்தான் என்று அந்த அம்மா எழுதிக் கொடுத்தார்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். எண்ணைப் பார்த்து நடுங்குமுன், அளந்த பேட்ஜ் எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

அன்று சாயங்காலமே ஒரு பெரியவரை மேஜையில் படுக்க வைத்துவிட்டு, கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றேன்.

“மூச்சை விடலாம் தாத்தா” என்றாள் செல்வி.

நானும் விட்டேன்.