மொட்டைத் துறவி போட்ட கும்பிடு

இது நடந்தது போன குளிர்காலத்தில், ரொறொன்ரோவில், அஜின்கோர்ட் பக்கம் நான் தனியாக இருக்கும் கொண்டோ வீட்டில். எனக்கு ஐம்பதுக்குக் கிட்ட வயது. கல்யாணம் கட்டவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவும் நானும். அம்மா போய் இரண்டு வருடமாகிறது. இதையெல்லாம் முதலே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். நான் ஒரு வீடியோ கேம் வாங்கக் கடைக்குப் போனேன்.

சாதாரண கேம் இல்லை, அடிதடி கேம். குங்ஃபூவும் கராத்தேயும் தெரிந்த இரண்டு பேர் திரையில் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் உதைத்து விழுத்துவார்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்து மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடியில் இருந்த காலத்தில், நானும் தம்பியும் இதன் பழைய பாகங்களை விழுந்து விழுந்து விளையாடியிருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் ஷிஃப்ட் வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியே பனி. பள்ளிக்கூடத்தில் எங்களோடு பேச ஆளில்லை. வீட்டுக்கு வந்தால் எனக்கு அவன், அவனுக்கு நான்.

தம்பி எப்போதும் ஒரு மொட்டைத் தலைத் துறவியை எடுப்பான். எனக்கு, இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு பெண். அவன் என்னைவிட ஆறு வயது இளையவன், ஆனால் கை பொல்லாத வேகம். நான் விழுந்தால் எழும்பவே விடமாட்டான், கிடக்கக் கிடக்க உதைப்பான். ஒருநாள் எனக்குக் கோபம் தலைக்கேறி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். பிறகு அவனாகவே வந்து ஒரு சட்டம் போட்டான். விழுந்த ஆளை அடிக்கக் கூடாது. விழுத்திய ஆள் பின்னுக்குப் போய், ஒருதரம் குந்தி எழும்ப வேண்டும். அதற்குள் மற்ற ஆள் எழும்பிவிடலாம். அந்தக் குந்தி எழும்புவதற்குக் கும்பிடு என்று பெயர் வைத்தோம்.

அம்மா வேலையால் வந்து களைப்போடு அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “மாதா கோயில் பூசையில முழந்தாளில இருக்கச் சொன்னா உவனுக்குக் கால் நோகுதாம். உதில மட்டும் என்ன பக்தி!”

பிறகு தம்பி படித்து, வேலை கிடைத்துக் கல்கரிக்குப் போனான். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வீடு. எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. அதுதான் கரைச்சல். சண்டை பிடித்துப் பேச்சை விட்டிருந்தால், என்றைக்காவது சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். நாங்கள் சும்மா, கொஞ்சம் கொஞ்சமாகக் கதைப்பதைக் குறைத்துக்கொண்டே போனோம். அம்மா இருந்தவரை அம்மாவின் ஃபோனில் ஒருவர் குரலை ஒருவர் கேட்போம். அதன் பிறகு, பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம் அனுப்புவான். நான் ஒரு கட்டைவிரலை அனுப்புவேன்.

மிசிசாகாவில் என் வேலையிடத்தில், மதியச் சாப்பாட்டு நேரம் ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரத்தைக் கண்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த கேமின் புதிய பாகம் வந்திருந்தது. என் சிவப்புத் துண்டுக்காரியும் அதில் நின்றாள். அவளுக்கும் வயது போயிருந்தது, முன் நெற்றியில் ஒரு நரைக் கீற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் நின்றது ஒரு தமிழ்ப் பிள்ளை. “அன்ரி, உங்கட மகனுக்கா?” என்று கேட்டாள். நான் “ஓம்” என்றேன். “மகனிட்ட புது மெஷின் இருக்கா? பழையதில இது வேலை செய்யாது.” இல்லாத மகனிடம் புது மெஷின் எப்படி இருக்கும்? அதையும் வாங்கினேன். பெரிய பையோடு காருக்கு வந்து, சீட்டில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். அந்தப் பிள்ளை பிழையாக ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் மெஷினோடு தனியாக விளையாடினேன். அது அலுத்துப்போக, இன்டர்நெட்டில் யார் யாரோடோ விளையாடத் தொடங்கினேன். எல்லோரும் என்னைத் துவைத்து எடுத்தார்கள். என்றாலும் வேலையால் வந்து, கோட்டைக் கழற்றி, தேத்தண்ணியோடு கொன்ட்ரோலரைப் பிடித்தால், மறுபக்கத்தில் உயிருள்ள ஓர் ஆள் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எதிரே ஒரு மொட்டைத் துறவி வந்து நின்றார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்தும் இலக்கமுமாக ஏதோ இருந்தது. சண்டை தொடங்கிய கையோடு என்னை விழுத்தினார். பிறகு கொஞ்சம் பின்னுக்குப் போனார். குந்தி எழும்பினார். இன்னும் ஒருதரம் குந்தி எழும்பினார்.

உலகத்தில் அந்தக் கும்பிடு தெரிந்தது இரண்டே பேருக்கு. நான் எழும்பி, அடிக்காமல், திருப்பி ஒரு கும்பிடு போட்டேன். அவரும் போட்டார். “தம்பி” என்று ரீவியைப் பார்த்துச் சொன்னேன். அதில் பேச வழி இருக்கிறதாம், எனக்குத் தெரியாது. நான் தோற்றுப்போனேன். அன்றிரவு அம்மா போன பிறகு முதல் தடவையாக நன்றாக நித்திரை கொண்டேன்.

அதன் பிறகு பின்னேரங்களில் அந்தத் துறவியைத் தேடுவதே என் வேலையாகிவிட்டது. சில நாள் அகப்படுவார். வருவார், விழுத்துவார், கும்பிடுவார். அவன் ஏன் எனக்கு ஃபோன் அடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பாசத்தை நேரே காட்டுகிற ஆட்கள் ஒருவரும் இல்லை, இப்படித்தான் காட்டுவான் என்று நினைத்துக்கொண்டேன். வேலையிடத்தில்கூட, “தம்பியோட கதைச்சனான்” என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு துறவி வரவில்லை. ஒரு கிழமை பார்த்தேன், இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. அவனுக்கு ஏதும் சுகமில்லையோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில், சனிக்கிழமை காலை, ஃபோனை எடுத்து அவனுக்கு அடித்தேன்.

“அக்கா? என்ன? ஆருக்கு என்ன?” என்றான். குரலில் பதற்றம். எங்கள் வீடுகளில் ஃபோன் அடிப்பது செத்த வீடு சொல்லத்தானே.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நீ ஏன் இப்ப கேமுக்கு வாறேல்லை?”

“எந்தக் கேம்?”

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. என்றாலும் வாய் நிற்கவில்லை. புதிய பாகம் வந்தது, நான் வாங்கியது, துறவி, கும்பிடு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் மெதுவாக, “அக்கா, நான் கேம் விளையாடி எத்தனை வருசம். அது நானில்லை” என்றான். “அது கும்பிடும் இல்லை. அது நக்கல். விழுத்திப்போட்டுக் குந்திக் குந்தி எழும்பிக் காட்டுறது, ஆளைப் பகிடி பண்ணுறதுக்கு. என்ர பிள்ளையள் விளையாடேக்க பாத்திருக்கிறன்.”

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. யாரோ முகம் தெரியாத ஒரு ஆள் இத்தனை நாளும் என்னை நையாண்டி பண்ணியிருக்கிறது. நான் அதைப் பாசம் என்று நினைத்து மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டான்.

“திருப்பிக் கும்பிட்டனான்.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். சின்ன வயதில் சிரிக்கும் அதே சிரிப்பு, மூச்சு வாங்க வாங்க. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே போய் எந்த இடத்தில் அழத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. அவன் சிரிப்பு நின்றது.

“தனியவோ அக்கா விளையாடுறீங்கள்?”

“ஓம். தனியத்தான்.”

“இஞ்சயும் அப்பிடித்தான். பிள்ளையள் வளந்திட்டுதுகள். கதவைப் பூட்டிக்கொண்டு இருக்குங்கள்” என்றான். பிறகு, “கேமில உங்கட பேர் என்ன? பாப்பம், நானும் ஒண்டு வாங்கிறன்” என்றான். எங்கள் ஆட்கள் ‘பாப்பம்’ என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நானும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு, பூசையால் வந்து மெஷினைப் போட்டேன். யாரோ விளையாடக் கூப்பிட்டிருந்தார்கள். பெயரைப் பார்த்தேன். எங்கள் பழைய அடுக்குமாடி வீட்டின் கதவு இலக்கம். உடனே அவனுக்கு ஃபோன் அடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

துறவி வந்து நின்றார். ஆனால் அந்தப் பொல்லாத வேகம் இல்லை, எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே தெரியாமல் தடுமாறினார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தம்பியை இலகுவாக விழுத்தினேன். விழுத்திவிட்டுப் பின்னுக்குப் போனேன். குந்தி எழும்பினேன்.

பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்த ஃபோனில் அவன் குரல் கேட்டது. “நக்கலோ அக்கா?”

“இல்லையடா. நீ ஆறுதலா எழும்பு” என்றேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அவன் வருவதில்லை. வராத ஞாயிறு வீடு பழையபடிதான், ரீவிக்கு முன்னால் நானும் தேத்தண்ணியும். என்னை நையாண்டி பண்ணிய அந்தத் துறவி எந்த ஊர் ஆளோ, இன்றுவரை தெரியாது, பிறகு நான் காணவும் இல்லை. கண்டால், நக்கல் என்று தெரிந்துகொண்டே இன்னொரு கும்பிடு போடுவேன், ஏனென்றால் இப்போதெல்லாம் நான் ஃபோன் அடித்தால் என் தம்பி ‘ஆருக்கு என்ன?’ என்று கேட்பதில்லை, ‘சொல்லுங்கோ அக்கா’ என்கிறான்.